கொடிக்காரர் வேஷம்

காலை எட்டு மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்குக் கொடி அவிழ மறுத்தது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்று மாலை அப்பா தலைமையாசிரியருக்கு எழுதிக்கொடுத்த விளக்கக் கடிதத்தில் அந்த நேரம் இருந்ததுதான். அப்பா எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர். கோடு போட்டாலும் கடிதம் எழுதினாலும் அவருக்கு அளவு தவறக்கூடாது. ஆனால் கடிதத்தில் இல்லாத இன்னொரு நேரமும் உண்டு. அது ஏழு ஐம்பது. அதை அறிந்தவள் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. போன வாரம் என் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. "ஒண்ணும் பதட்டப்படாதீங்க மேடம், கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்றார் வகுப்பாசிரியை. பதட்டப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால் அதற்குப் பிறகு எனக்குக் கை கால் ஓடாது. போனேன். சுதந்திர தினப் பேச்சுக்கு, தேசியக் கொடியை வடிவமைத்தவரின் வாழ்க்கையைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் என் மகளின் நெருங்கிய தோழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் எழுதி வைத்திருந்த நான்கு தாள்கள் காணாமல் போயின. பிறகு என் மகளின் பைக்குள்ளிருந்து பொடிப்பொடியாக வெளியே வந்தன.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன். அவளுடைய அம்மாவிடம் நான் கேட்டேன். திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது, ஸ்கூட்டியின் பின்னால் இருந்தவள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, நீ சின்னப் புள்ளைல யாருக்காச்சும் இப்படிப் பண்ணிருக்கியா?"

"இல்ல" என்றேன்.

யோசிக்காமல், தடுமாறாமல் சொன்னேன். பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சைக்கு மாறியது தெரிந்தது. என் மகள் செய்தது என்னை உலுக்கியது. அந்த 'இல்ல' அதைவிட உலுக்கியது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வலங்கைமானிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், மாதா கோயிலை ஒட்டி இருந்த பள்ளியில் ஏழாம் வகுப்பு. அந்த ஜூன் மாதம்தான் அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமா துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருந்தார். மஞ்சள் காமாலையில் அவர் போனதும் கடையும் போனது. அத்தை இறால் உரிக்கிற கம்பெனிக்குக் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அந்தக் கொட்டகையில் பத்து, பன்னிரண்டு வயதுப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து உரிப்பதை அப்பா நேரில் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வாரமே போய் அத்தை மகளைக் கூட்டி வந்து என் வகுப்பில் சேர்த்துவிட்டார். எங்கள் வீட்டில் இருக்கும்வரை அவளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. இல்லாவிட்டால் கம்பெனி. இதைப் பெரியவர்கள் பேசியது என் காதிலும் விழுந்தது. ஆனால் என் புத்தியில் ஏறியது வேறு. என் பாயில் பாதி போய்விட்டது.

பாயோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்பா என்னை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். பன்னிரண்டு வருடம் அந்தச் சொல் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது. அவள் வந்த பத்தாம் நாள் அப்பா வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "பாப்பா, இந்தப் பையை வாங்கு" என்றார். நான் எழுந்து போவதற்குள் அவள் வாங்கிவிட்டாள். அப்பா திருத்தவில்லை. அவர் அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்.

அவள் என்னைவிட மூன்று மாதம் இளையவள். என்னைவிட ஒல்லி, கறுப்பு, முடி மட்டும் இடுப்புக்குக் கீழே. அந்த முடியைச் சீவிப் பின்னி ரிப்பன் கட்டிவிடும் வேலையை அம்மா என் தலையில் கட்டினாள். அம்மாவுக்குக் காலையில் அடுப்படியை விட்டு நகர முடியாது. நான் சீவினேன். ரிப்பனை இரண்டு காது வைத்து முடிந்து, காதுகளை மறுபடி ஒன்றோடொன்று முடிந்து, ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுப்பேன். சாயங்காலம் அதை அவிழ்க்க அவளுக்குக் கால் மணி நேரமாகும். ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததும் எனக்குத் திமிராகத்தான் தெரிந்தது.

அந்த வருடம் அப்பா ஒரு நாடகம் எழுதினார். பள்ளியில் ஓவிய ஆசிரியர் என்றால் ஊறுகாய் மாதிரி. விளம்பரப் பலகை எழுத, கோலப் போட்டிக்கு மார்க் போட, ஆண்டு விழாவுக்குத் தோரணம் வெட்ட. வண்ணத் துணி சம்பந்தப்பட்டது என்பதால் கொடி கட்டுவதும் அவர் பொறுப்பு. அப்படி வருடாவருடம் கொடியைத் தொட்டுத் தொட்டுத்தான் இதை வரைந்தவர் யார் என்று அவருக்குக் கேள்வி வந்திருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் கும்பகோணத்து நூலகத்துக்குப் போய்க் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தார். தெலுங்கு தேசத்துக்காரர், இளம் வயதில் பட்டாளத்தில் இருந்தவர், ஜப்பானிய மொழி கற்றவர், கல்லையும் மண்ணையும் ஆராய்ந்தவர், பருத்தி விதைகளில் பித்துப் பிடித்து அலைந்தவர், உலகத்துக் கொடிகளையெல்லாம் சேகரித்துப் பார்த்துவிட்டு நமக்கென்று ஒன்று வேண்டும் என்று வரைந்துகொண்டே இருந்தவர், கடைசியில் வறுமையில் செத்துப்போனவர். அவர் பெயர் எங்கள் ஊர் நாக்குக்குச் சரியாக வரவில்லை. அப்பா 'கொடிக்காரர்' என்றே எழுதினார். வீட்டிலும் அதே பெயர்தான் புழங்கியது.

"கொடிக்காரருக்கு இன்னிக்கும் சோறு ஆறிப்போவுது" என்பாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"அவரு வரைஞ்சதை நாடே அண்ணாந்து பாக்குதுடி. அவரைத்தான் ஒருத்தரும் பாக்கல" என்பார் அப்பா.

"உங்களை மட்டும் யாரு பாக்கறாங்களாம். வந்து சாப்பிடுங்க."

அப்பா சிரிக்க மாட்டார். அவருக்கு அது நாடகமாக மட்டும் இருக்கவில்லை. இருபது வருடம் மற்றவர்கள் மேடைக்குத் திரை வரைந்தவர். இந்த முறை மேடையில் நடப்பதே அவருடையது. கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி கொடியேற்ற வருகிறார் என்பதால் தலைமையாசிரியர் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக அப்பா இரண்டு மாதம் காதோரத்தில் பென்சிலைச் செருகிக்கொண்டு திரிந்தார்.

கொடிக்காரர் வேஷம் எனக்குத்தான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. எழுதியவரின் மகள் நான். வசனமெல்லாம் அவர் வாய்விட்டுப் படிக்கும்போதே எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் அந்த வேஷக்காரர் மேடையில் எல்லார் முன்னாலும் கரும்பலகையில் கொடியை வரைய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் இருவர் கையிலும் ஒரு சுண்ணக்கட்டியைக் கொடுத்து, அளவுகோல் இல்லாமல் சக்கரம் போடச் சொன்னார். இருபத்து நான்கு ஆரம். நான் உச்சியில் தொடங்கிச் சுற்றி வந்தேன். முடிக்கும்போது மூன்று கோடுகளுக்கு இடமே இல்லை, நெருக்கியடித்து நின்றன. எண்ணிப் பார்த்தால் இருபத்தாறு. அவள் முதலில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டாள். பிறகு ஒவ்வொரு கால் பாகத்தையும் ஆறாகப் பிரித்தாள். வலைக்குக் கண் எண்ணுவது மாதிரி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே போட்டாள். சரியாக இருபத்து நான்கு.

"யாருகிட்ட பாப்பா கத்துக்கிட்ட?"

"யார்கிட்டயும் இல்ல மாமா. பாதி பாதியாப் போனா தப்பாது."

அப்பா அந்தச் சக்கரத்தை அன்று முழுக்க அழிக்கவிடவில்லை. ஓவிய ஆசிரியரின் மகளுக்கு வரையத் தெரியாது என்பது அதுவரை எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

எனக்கும் ஒரு வேஷம் கிடைத்தது. பருத்திச் செடி. பச்சைத் தாவணியைச் சுற்றிக்கொண்டு, தலையில் ஒரு முள்ளுக்கிளையை வைத்துக் கட்டி, அதில் தலையணைப் பஞ்சைப் பிய்த்து ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கொடிக்காரர் வந்து என் தலையைத் தடவி, "ஆகா, என்ன அருமையான பருத்தி" என்பார். பருத்திச் செடிக்கு வசனம் கிடையாது. ஒத்திகையில் பையன்கள், "ஏய் பருத்தி, தண்ணி ஊத்தட்டுமா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு ஒத்திகையிலும் அவள் கை என் தலையில் படும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் மென்மையாகத்தான் தடவினாள். அது இன்னும் எரிந்தது.

ஆகஸ்டு பதினான்காம் தேதி சாயங்காலம் அப்பா கொடியை மடித்தார். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. துணியை மடித்து நடுவில் பூவிதழ்களை வைத்து, அந்தப் பொட்டலத்தைக் கயிற்றாலேயே ஒரு சுருக்கு முடிச்சில் கட்ட வேண்டும். கம்பத்தின் அடியில் அது தயாராக இருக்கும். விருந்தினர் கயிற்றை இழுக்க இழுக்க மேலே ஏறும். உச்சியில் போய் நின்றதும் ஒரு வெடுக்கு. முடிச்சு அவிழ்ந்து பூ கொட்டும். அப்பாவின் விரலுக்குத் தூரிகை வசப்பட்ட அளவுக்குக் கயிறு வசப்பட்டதில்லை. வருடாவருடம் விருந்தினர் மூன்று தடவையாவது இழுப்பார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு மாதாவை வேண்டுவார். நான்காவது தடவையில் மாதா கைவிட்டதில்லை.

அன்று அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, நான் போடட்டா?" என்றாள். கயிற்றுக்கடையில் பிறந்து வளர்ந்தவள். விரல் எப்படிப் போய் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா சோதித்துப் பார்க்க ஏற்றி ஒரு இழு இழுத்தார். சாமந்தியும் ரோஜாவும் அவர் வழுக்கை மேல் கொட்டின. அப்பா சிரித்தார். பூவைத் தட்டிவிடாமல் அப்படியே நின்று சிரித்தார். எனக்காக அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் எங்களுக்கு இரட்டைத் திருநாள். ஆறு மணிக்குக் கோயிலில் மாதா விண்ணேற்புப் பூசை. அது முடிந்து கோயில் வளாகத்தில் பன்னும் தேநீரும். பிறகு பள்ளி மைதானத்தில் கொடி. அத்தை மகள் பூசைக்கு முன்பே போய் முடிச்சைப் போட்டு வைத்துவிட்டாள். பன் வாங்க எல்லாரும் வரிசையில் நின்ற நேரத்தில் நான் வகுப்பறைக்குப் போய் வேஷம் கட்டிக்கொண்டேன். மைதானத்தில் யாரும் இல்லை. பள்ளி அலுவலகத்துக் கடிகாரம் சன்னல் வழியாகத் தெரிந்தது. ஏழு ஐம்பது.

கம்பத்தடிக்குப் போனேன். அவள் போட்ட முடிச்சு ஒரே இழுப்பில் என் கையோடு வந்துவிட்டது. பூ சிந்தாமல் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டேன். இரண்டு காது. காதுகளை ஒன்றோடொன்று. பிறகு பொட்டலத்தை முழங்காலில் அழுத்திக்கொண்டு ஒரு இழுப்பு.

கொடிக்கு அவமரியாதை செய்ய வேண்டும் என்றோ, அப்பாவைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்றோ நினைக்கவில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்வேன், ஆனால் சொல்லி என்ன. நான் நினைத்தது இவ்வளவுதான். அதிகாரி மூன்று தடவை இழுப்பார், நான்கு தடவை இழுப்பார். அப்பா அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அடுத்த வருடம் நீ வா பாப்பா என்று என்னைக் கூப்பிடுவார்.

எட்டு நாற்பதுக்கு அதிகாரி கயிற்றைப் பிடித்தார். பொட்டலம் ஏறி உச்சியில் நின்றது. வெடுக்கென்று இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அப்பா கண்ணை மூடுவதைப் பார்த்தேன். இரண்டாம் தடவை. மூன்றாம் தடவை. நான்காவது தடவை இழுத்தபோது, பழக்கத்தினால் பாட்டு ஆசிரியை தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார். வருடாவருடம் நான்காவது இழுப்பில்தானே கொடி விரியும், அவர் கணக்கு அது. தொடங்கிய பிறகு நிறுத்த முடியாது. ஐந்நூறு பிள்ளைகளும் பாடினோம். யாரும் அசையக்கூடாது. தலைமையாசிரியரின் கன்னத்தில் வேர்வை வழிந்தது, துடைக்க முடியவில்லை. அதிகாரி கயிற்றை விடவும் முடியாமல் இழுக்கவும் முடியாமல் நின்றார். மூடிக் கிடந்த ஒரு துணி மூட்டையை அண்ணாந்து பார்த்தபடி மொத்தப் பள்ளியும் கீதத்தை முழுவதுமாகப் பாடி முடித்தது.

முடிந்ததும் பொட்டலத்தை இறக்கினார்கள். அப்பா ஓடினார். முடிச்சில் அவர் நகம்கூட நுழையவில்லை. அப்போது நாடக வரிசையிலிருந்து அவள் வெளியே வந்தாள். தலைப்பாகை, அப்பாவின் பழைய கோட்டு, கண்மையில் வரைந்த மீசை. கொடிக்காரரே வந்து கொடியை எடுத்துப் பார்ப்பது மாதிரி இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவள் முடிச்சைப் பார்த்தாள். அவிழ்ப்பதற்குத் தேவையானதைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து வரிசையில் தேடினாள். நான் வெறும் கம்பத்தின் உச்சியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன். குனிந்து கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். மீசை கன்னம்வரை இழுபட்டுவிட்டது. தினமும் சாயங்காலம் அவிழ்த்துப் பழகிய முடிச்சு, அதனால் அவளுக்கு வந்துவிட்டது.

"நான்தான் மாமா இறுக்கிப் போட்டுட்டேன்" என்றாள். "வழுக்கிடும்னு பயந்து இன்னொரு சுத்து சுத்திட்டேன்."

"கட்டினது நான்தான் சார்" என்றார் அப்பா, தலைமையாசிரியரிடம்.

"நீங்க கட்டினா நாலாவது தடவையாச்சும் வரும் சாரே. இது வரவே இல்லியே. சின்னப் புள்ளைங்க கையில குடுக்கற வேலையா இது?"

"நான்தான் சார்."

தலைமையாசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கொடி மறுபடி ஏறி விரிந்தது. பூவெல்லாம் முன்பே சிந்தி மிதிபட்டிருந்தது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, வலங்கைமானில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். ஜீப்பில் ஏறும் முன் எழுத்து மூலமாக விளக்கம் வேண்டும் என்று சொன்னது எங்கள் காதிலேயே விழுந்தது.

"நாடகம்லாம் வேண்டாம். மிட்டாயைக் குடுத்துப் புள்ளைங்கள அனுப்புங்க" என்றார் தலைமையாசிரியர்.

அப்பா கரும்பலகையை மேடையிலிருந்து தானே தூக்கிக்கொண்டு போனார். அந்த நாடகம் பிறகு ஒருபோதும் போடப்படவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அன்று மாலை அப்பா விளக்கக் கடிதம் எழுதினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்தாள். எழுதி முடித்து அவர் அவள் தலையில் கையை வைத்தார். "தப்ப ஒத்துக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் மேல் சந்தேகம் வந்ததால் அல்ல, பாடமாகச் சொன்னார்.

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மனம் உறுத்தியதால் தோன்றியதல்ல. நானும் ஒத்துக்கொண்டால் அந்தக் கை என் தலைக்கும் வருமே என்று தோன்றியது. நான் செய்த தப்பையும் அவள் எடுத்துக்கொண்டாள், அதற்குக் கிடைக்க வேண்டிய பெயரையும் அவளே எடுத்துக்கொண்டாள் என்று இரவுச் சாப்பாடுவரை பொருமிக்கொண்டிருந்தேன். பிறகு அடி விழுமோ என்ற பயம் வந்தது. சொல்லவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவள் தலையை அவளே சீவிக்கொண்டாள். என்னிடம் முன்பு போலவே பேசினாள். எச்சரிக்கவில்லை, முறைக்கவில்லை, யாரிடமும் ஒரு சாடை காட்டவில்லை. அவளுக்குத் தெரியவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாளே. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு வீட்டில் வந்து தங்கிச் சாப்பிடுகிறவள் அந்த வீட்டுப் பெண்ணைக் கைகாட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதே வயதுதான் எனக்கும். நான் என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டேன், அதனால் எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் அப்பாவுக்கு அந்த வாரம் நன்றாக இல்லை. கொடி வேலையை அவரிடமிருந்து எடுத்து உடற்பயிற்சி ஆசிரியரிடம் கொடுத்தார்கள். ஆசிரியர் அறையில் யாரோ, "சொந்தத்தைக் கொண்டாந்து வச்சுக்கிட்டா இப்படித்தான்" என்றார்களாம். அம்மா அதை வீட்டில் வந்து சொன்னாள். கோபத்தில்தான் சொன்னாள், அத்தை மகள் மேல் அல்ல, சொன்னவர் மேல். ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதை அம்மா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அவள் ஆய்வதை நிறுத்தவில்லை. அடுத்த நாள் அப்பாவின் மேசையிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு கேட்டு வாங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தாள். நாகப்பட்டினத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, கும்பகோணத்தில் இறங்கி மாறி வந்திருந்தாள். கட்டைப்பை நிறையக் கருவாடு. காப்பியைக் கூட வாங்காமல் சொன்னாள்.

"அண்ணே, புள்ளையக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கேன்."

"ஏன்? என்னாச்சு?"

"படிப்பு ஏறலயாமே. வாத்தியாரு சொல்றது ஒண்ணும் வௌங்கல, வந்து கூட்டிட்டுப் போன்னு அவளே கார்டு போட்டிருக்கா."

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். கணக்கில் வகுப்பில் முதலாக வருகிறவள். "யாரு சொன்னா ஏறலன்னு? ஏம்மா, அந்தக் கொடி விஷயமா? அதுக்கா? அதெல்லாம் முடிஞ்சு போச்சு பாப்பா."

"அதுக்கில்ல மாமா. எனக்குப் படிப்பு வரல" என்றாள் அவள். அவள் பையை முந்தின நாளே கட்டி வைத்திருந்தாள்.

அப்பா எவ்வளவோ சொன்னார். அம்மா சொன்னாள். "நாங்க ஏதும் குறை வச்சிட்டமா?" என்று அத்தையிடமே கேட்டாள். அத்தை பதறிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ அண்ணி, அந்த மாதிரிப் பேசாதீங்க. உங்க சோத்துக்கு நான் கும்பிடணும். அவளே வரேங்கறா, நான் என்ன பண்ண. கம்பெனியில சொல்லி வச்சுட்டேன். நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க. ஐஸ்ல கை வச்சுக்கிட்டே இருக்கணும், மொத கொஞ்ச நாளு மரத்துப் போவும். அப்புறம் பழகிரும்."

அப்பா வாசலுக்குப் போய்ச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. இன்று இரவு பாய் முழுவதும் என்னுடையது, நாளை காலை சைக்கிளின் பின்னால் நான் மட்டும் உட்கார்ந்து போவேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னருகில் வந்து, "வரேன்" என்றாள். நான் சிரித்த முகமாகத்தான் தலையை ஆட்டினேன்.

அத்தை போகும்போது என்னைக் கூப்பிட்டாள். "உன் பழைய பாவாடை சட்டை ஏதாச்சும் இருந்தா குடுறியாம்மா? அவளுக்குத்தான். அங்க நாள் பூரா தண்ணியில நிக்கணும், நல்லதப் போட்டா வீணாயிரும்."

உள்ளே ஓடினேன். கிழிந்ததில் இரண்டு எடுத்தேன். பிறகு எனக்கே ஓர் உற்சாகம் வந்து, கிழியாததில் இரண்டு எடுத்தேன். போன கிறிஸ்மஸுக்குத் தைத்த நீலப் பாவாடைகூட அதில் இருந்தது. அம்மா, "அது எதுக்குடி" என்றாள். "இருக்கட்டும்மா" என்றேன். அப்படிச் சொன்னபோது நான் மிகப் பெரியவளாகிவிட்ட மாதிரி இருந்தது. அன்று எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அத்தை நான்கையும் வாங்கி மடித்துக் கட்டைப்பையில் வைத்தாள். நீலப் பாவாடையை மட்டும் ஒருமுறை விரித்துப் பார்த்து, தன் மகள் பக்கம் திரும்பிக் காட்டினாள். பிறகு கருவாட்டு வாடை அடிக்கிற கையை என் தலையில் வைத்து, வாசலில் நின்ற அப்பாவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இந்த மனசு யாருக்கு வரும் அண்ணே. தங்கமாப் பெத்து வச்சிருக்கீங்க."